கால்வாய் வாயில் எடுத்த தண்ணீர்

எனக்கு வயது எண்பத்திரண்டு. பெற்றது ஐந்து, வளர்த்தது ஏழு. நாத்தனார் கண்ணை மூடியபோது விட்டுப்போன இரண்டு பிள்ளைகளையும் சேர்த்துத்தான் ஏழு என்கிறேன். அந்த ஏழு பேரில் ஒருவரையும் நான் தொடவிடாத பொருள் ஒன்று எங்கள் வீட்டில் உண்டு. சமையலறை மேல்தட்டில் உப்பு ஜாடிக்குப் பின்னால் இருக்கும் ஒரு கண்ணாடி பாட்டில். ஒரு சாண் உயரம், கனத்த கண்ணாடி, மூடியும் கண்ணாடி. மூடியைச் சுற்றி மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றி அடைத்திருக்கிறேன். உள்ளே தண்ணீர். மேலே முக்கால் பாகம் தெளிந்து கிடக்கும்; அடியில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு நீலமும் சாம்பலும் கலந்த வண்டல். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது நானே இறக்கி, நானே துடைத்து, நானே ஏற்றி வைப்பேன். ஏதோ கோயில் தீர்த்தம் என்று மருமகள்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். இல்லை என்று நானும் சொல்லவில்லை.

போன மாதம் என் மூன்றாவது மகளின் மகள் அதைப் பார்த்துவிட்டாள். வேலூரில் கல்லூரியில் கெமிஸ்ட்ரி படிக்கிறவள். “ஆயா, இது நம்ம ஏரித் தண்ணியா? எப்ப எடுத்தது? எங்க லேபுக்கு எடுத்துட்டுப் போவட்டா?” என்று விடாமல் கேட்டாள். முடியாது என்றேன். அதன்பிறகு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அவளைக் கூப்பிட்டு, எடுத்துப் போ, ஆனால் பாட்டில் தனியாகப் போகக் கூடாது, கூடவே ஒரு தாளும் போக வேண்டும் என்றேன். எங்கே எடுத்தது, யார் எடுத்தது என்று எழுதி ஒட்டாத தண்ணீர் வெறும் தண்ணீர் என்று எனக்கு ஒருவர் சொல்லியிருக்கிறார். அந்தத் தாள்தான் இது. நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். கையெழுத்துப் போடுவேன், பஸ் போர்டு படிப்பேன், அவ்வளவுதான். நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுத்துத் தமிழில் எழுதுகிறாள். மனிதர்கள் பேசினதை மட்டும் பேசினபடியே வை என்று சொல்லியிருக்கிறேன்.

எங்கள் ஊர் ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவில் இருக்கிறது. ஊருக்குக் கிழக்கே ஏரி. மலையிலிருந்து கானாறு இறங்கி வந்து ஏரியை நிரப்பும். ஏரி நிரம்பினால் சுற்றியிருக்கும் கிணறெல்லாம் ஊறும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் அந்த ஏரியில் கோரை அறுத்தேன். இடுப்பளவு தண்ணீரில் நின்று அறுத்து, கரையில் காயவைத்து, கட்டுக் கட்டி, பாய் நெய்கிறவர்களுக்குக் கொடுப்போம். எட்டுப் பெண்கள்; நான்தான் முன்னால் நிற்கிறவள். இந்த வருடம் ஏரியின் தெற்குப் பாதியில் அறுத்தால் அடுத்த வருடம் வடக்குப் பாதி. மற்ற பாதியில் அரிவாள் வைக்கக் கூடாது. யார் போட்ட சட்டம் என்று தெரியாது. என் மாமியார் எனக்குச் சொன்னது, அவருக்கு அவர் மாமியார் சொன்னது. அறுக்காத பாதியில்தான் நாமக்கோழி குஞ்சு பொரிக்கும், விரால் குஞ்சு ஒதுங்கும், கோரைக்கு வேர் தடிக்கும். ஒருத்தி ஆசைப்பட்டு எல்லை தாண்டி அறுத்துவிட்டால் மற்ற ஏழு பேரும் அவளோடு ஒரு வாரம் பேசமாட்டோம். ஒரு வாரம் யாரும் பேசாமல் அந்தத் தண்ணீரில் நின்று பாருங்கள், அது எப்பேர்ப்பட்ட தண்டனை என்று தெரியும்.

எழுதி ஒட்டாத தண்ணீர் வெறும் தண்ணீர் என்று எனக்குச் சொன்னவர் டீச்சரம்மா. அவர் முதன்முதலில் வந்தது எமர்ஜென்சி நடந்துகொண்டிருந்த ஒரு தை மாதம். ஊர் ஊராகக் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்று ஒரே பேச்சு. வெள்ளைப் புடவை, கறுப்புக் குடை, தோளில் பை, கையில் நோட்டு. ஏரிக்கரைமேல் அப்படி ஒருத்தி தனியாக நடந்து வந்தால் வேறு யாராக இருக்க முடியும்? எட்டுப் பேரும் கோரைக்குள் குத்துக்காலிட்டுவிட்டோம், கழுத்துவரை தண்ணீர். அந்த அம்மா கரையில் நின்று இரண்டு கண்ணிலும் ஒரு குழலை வைத்துக்கொண்டு நாங்கள் ஒளிந்த பக்கமே பார்த்தார். கால் மணி நேரம் ஆகியிருக்கும். குளிர் தாங்காமல் நான்தான் எழுந்தேன்.

“நர்சம்மா, எனக்கு ஏற்கெனவே பண்ணியாச்சு. இவளுங்கள உட்டுடுங்க” என்றேன். பொய்தான்.

அவர் குழலை இறக்கினார். “நான் நர்சு இல்லீங்க. வேலூர்ல காலேஜ் டீச்சர். பறவை எண்ண வந்திருக்கேன்.”

கோரைக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது: “அடியம்மா, கொக்குக்குமா ஆபரேஷன்?”

டீச்சரம்மா சிரித்த சிரிப்பில் அவர் எண்ணிக்கொண்டிருந்த பறவையெல்லாம் எழும்பிப் பறந்துவிட்டது. நோட்டில் எழுதினதை அடித்துவிட்டு முதலிலிருந்து எண்ணினார். இப்போது நினைத்துப் பார்த்தால் நான் அவரிடம் பேசின முதல் பேச்சே பொய்யாகத்தான் இருந்திருக்கிறது. அது சிரிப்பில் கரைந்துபோன பொய்.

அதிலிருந்து வருடா வருடம் தை மாதம் வருவார். நடுவிலும் இரண்டு மூன்று தடவை வருவார். மெயின் ரோட்டில் பஸ் இறங்கி, வரப்பு வழியே நடந்து வருவார். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர். என்னை அக்கா என்பார், நான் டீச்சர் என்பேன். எங்கள் பெண்கள் அவரை வம்புக்கு இழுத்துக்கொண்டே இருப்பார்கள். “டீச்சர், அந்தக் குழல்ல பாத்தா எங்கூட்டுக்காரன் எந்தக் கடையில நிக்கிறான்னு தெரியுமா?” என்று ஒருத்தி கேட்பாள். “தெரியும், ஆனா அவரு பறவை லிஸ்ட்ல வர மாட்டாரே” என்பார் அவர். வேலை என்று வந்துவிட்டால் மட்டும் விளையாட்டு கிடையாது. ஒரே கூட்டத்தை மூன்று தடவை எண்ணுவார். மூன்றும் வேறு வேறாக வந்தால் மூன்றையும் எழுதுவார். ஒருநாள் நான், “ஜாஸ்தியா வந்தத எழுதிட்டுப் போங்களேன் டீச்சர், ஏரிக்குப் பெருமைதானே” என்றேன். “கண்ணு பாத்தத எழுதணும் அக்கா. மனசு ஆசப்படறத எழுதக் கூடாது” என்றார்.

மத்தியானம் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. சாப்பாட்டைவிட எனக்குப் பெருமை தண்ணீரில். ஏரியின் மேற்கே குடிதண்ணீர்த் துறை என்று தனியாக ஒரு படித்துறை உண்டு. அங்கே மாடு கழுவக் கூடாது, துணி துவைக்கக் கூடாது. அங்கிருந்து குடத்தில் கொண்டுவந்தாலும் மழைக்காலத்தில் செம்மண் கலங்கல்தான். தேத்தாங்கொட்டையைக் குடத்தின் உட்பக்கத்தில் நன்றாக உரசிவிட்டு, அதில் தண்ணீரை ஊற்றி, அசைக்காமல் விட்டுவிட வேண்டும். மண்ணெல்லாம் அடியில் உட்கார்ந்துவிடும். மேல் தண்ணீரை மட்டும் நாலாக மடித்த வேட்டித் துணியில் வடிகட்டி எடுப்போம். யார் வீட்டுத் தண்ணீர் தெளிவு என்பதில் எங்கள் தெருவில் போட்டியே உண்டு. வெளியூர் ஆளுக்குக் கலங்கலாகத் தண்ணீர் கொடுத்தாள் என்று ஒரு பேச்சு வந்துவிட்டால் அந்த வீட்டுப் பெண்ணுக்கு அதைவிடக் கேவலம் இல்லை. டீச்சரம்மா முதல் தடவை டம்ளர் தண்ணீரை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். “எங்க லேப்ல கூட இவ்ளோ தெளிவா வராது அக்கா” என்றார். ஒரு வாரம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பிறகு வரும்போதெல்லாம் அப்படித் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். அது எங்கள் இரண்டு பேருக்குள் ஒரு வழக்கமாகிவிட்டது.

அவர்தான் எனக்குச் சொன்னார், எங்கள் ஏரியில் வந்து இறங்கும் கிளுவை வாத்தெல்லாம் பனி உறையும் தேசங்களிலிருந்து மலை தாண்டி வருகிறதென்று. பொறந்த வீடு அங்கே, புகுந்த வீடு இங்கேயா என்று கேட்டேன். “அப்படியே வெச்சுக்குங்க. வழியில எத்தன தேசம்! நடுவுல ஒரு தேசத்துல ஏரி வத்திப்போனாலும் அதுங்களுக்கு எறங்க எடம் இல்ல. ஒரு தேசம் மட்டும் காப்பாத்தி இன்னா பிரயோஜனம்? அதான் பல தேசம் சேந்து ஒப்பந்தம் போட்டிருக்காங்க. இப்ப நம்ம தேசமும் கையெழுத்துப் போட்டாச்சு” என்றார். எங்களோடு பழகிப் பழகி அவருக்கும் இன்னா வந்துவிட்டிருந்தது. அந்த ஒப்பந்தத்தில் ஏரியைத் தொடக் கூடாது என்று எழுதியிருக்கிறதா என்று பயந்துபோய்க் கேட்டேன். எங்கள் கோரைப் பிழைப்பு என்னாவது? இல்லை, தொடலாம், ஆனால் நாளைக்கும் மிச்சம் இருக்கும்படி தொட வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறது என்றார். “நீங்க பாதி அறுத்துப் பாதி உடறீங்களே, அதத்தான் அக்கா அவங்க பக்கம் பக்கமா எழுதியிருக்காங்க.” எட்டுப் பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். இதற்குப் போய்த் தேசம் தேசமாகக் கூட்டம் போட்டார்களா என்று. ஆனால் அன்று சாயங்காலம் கட்டைத் தலையில் தூக்கி நடந்தபோது எனக்குக் கழுத்து நிமிர்ந்துதான் இருந்தது.

இனிமேல் சொல்வது கஷ்டமான பகுதி.

எங்கள் வீட்டுக்காரருக்குத் தோல் பதனிடும் டேனரியில் வேலை. சுண்ணாம்புத் தொட்டியில் தோலைப் போட்டுப் புரட்டுகிறவர். மயிர் கழன்று வருவதற்காகத் தோலைச் சுண்ணாம்பில் ஊறவைப்பார்கள். அதற்குள் நின்று நின்று அவர் கை இரண்டும் வெள்ளை வெடிப்பாக இருக்கும். குழம்புச் சோறு பிசைய முடியாது. காரம் வெடிப்பில் இறங்கிவிடும். பதினைந்து வருடம் அவர் மோர்ச்சோறுதான் சாப்பிட்டார். தோலுக்கு மரப்பட்டை போட்டுப் பதம் செய்த காலத்தில் டேனரியிலிருந்து காவித் தண்ணீர் வரும். அது கம்மி, ஓடையிலேயே சுவறிவிடும். பிறகு மருந்து போட்டுப் பதப்படுத்த ஆரம்பித்தார்கள். வெளியில் வந்த தண்ணீர் நீலமானது. டேனரியும் ஒன்றுக்கு மூன்றானது. கால்வாய் வெட்டி நேராக எங்கள் ஏரியில் விட்டார்கள். முதலில் கால்வாய் வாயில் மட்டும் கோரை பட்டுப்போனது. அப்புறம் மீன் மிதந்தது. கோரை அறுத்து வந்த இரவெல்லாம் எங்களுக்குக் கால் அரிக்கும். நான் கொடுத்த கட்டை ஒருநாள் பாய்க்காரர் என் எதிரிலேயே மடித்துக் காட்டினார், பட்டென்று ஒடிந்தது. “இத்த நெய்ஞ்சா எவம்மா படுப்பான்? எடுத்துட்டுப் போ” என்றார். இருபத்தைந்து வருடத்தில் என் கோரையை யாரும் திருப்பினதில்லை. டீச்சரம்மாவின் நோட்டிலும் பறவை வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வந்தது.

ஏரிக்குள் டேனரித் தண்ணீர் வரக் கூடாது, இதைக் காக்க வேண்டிய ஏரிகளில் ஒன்றாகச் சேர்க்க வேண்டும் என்று டீச்சரம்மா சர்க்காருக்கு ஒரு மனு எழுதினார். எட்டு வருடம் எண்ணின கணக்கெல்லாம் அதில் இருந்தது. தண்ணீர் கெட்டது என்பதற்கு மெட்ராஸ் லேபின் சோதனைச் சீட்டும் வேண்டும் என்றார்கள். ஆனால் ஆபீசர் வருகிறார் என்றால் டேனரிக்கு முதல்நாளே தெரிந்துவிடும். கால்வாய் காய்ந்து கிடக்கும். தொட்டி கழுவித் திறந்துவிடும் நாள் எங்களுக்குத்தான் தெரியும். அதனால் அவர் இரண்டு பாட்டிலைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். “தெறந்து உடற அன்னிக்கு, கால்வாய் ஏரியில சேர்ற வாய்ல எடுக்கணும் அக்கா. ஒண்ணு போதும், இன்னொண்ணு ஒடைஞ்சா இருக்கட்டும்னு. ஒங்கள நம்பித்தான் மனுவே இருக்கு.” பாட்டிலை முந்தானையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வீட்டுக்காரர் பார்த்தார். “அந்தம்மா கொக்கு எண்ணும். நம்மூட்டுல ஒம்போது வாயி இருக்குதே, அத யாரு எண்றது?” என்றார். அதட்டவில்லை, மிரட்டவில்லை. கையில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னார்.

நாலாம் நாள் விடியற்காலையில் திறந்துவிட்டார்கள். பாட்டிலை எடுத்துக்கொண்டு கால்வாய் வாய்க்குப் போனேன். நுரை இடுப்புயரத்துக்கு நின்றது. மயிரும் சவ்வும் சுழன்று சுழன்று வந்தது. நாற்றம் என்றால் நமக்குத் தெரிந்த நாற்றம் இல்லை. ஒரு நாமக்கோழி, நெற்றியில் வெள்ளை நாமம், அந்த நுரையில் செத்து மிதந்தது. நான் குனிந்தேன். பாட்டிலின் வாய் தண்ணீரைத் தொட்டது. அப்படியே நிமிர்ந்துவிட்டேன். இதையா மெட்ராசுக்கு அனுப்புவது? படித்தவர்கள், பெரியவர்கள், தேசம் தேசமாகப் போய் வருகிறவர்கள் மேசைமேல் வைத்துப் பார்ப்பார்களே. எங்கள் ஏரித் தண்ணீர் என்று இதையா காட்டுவது? என் பெயரை அல்லவா அதன்மேல் எழுதுவார்கள்? கால் தானாக மேற்கே நடந்தது; வழியில் வீட்டுக்குள் நுழைந்து குடத்தை எடுத்துக்கொண்டேன். குடிதண்ணீர்த் துறையில் இறங்கி, ஆழம் பார்த்து, குடத்தில் மொண்டேன். இரண்டு நாளுக்கு முன் பெய்த மழையில் அங்கே புதுத் தண்ணீர் வந்திருந்தது. வீட்டுக்கு வந்து தேத்தாங்கொட்டை உரசி, தெளியவைத்து, வேட்டித் துணியில் வடிகட்டிப் பாட்டிலில் ஊற்றினேன். வீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் நின்று பார்த்தார்.

“இன்னாடி, கலெக்டருக்கா காபி போடற?” என்றார். எது எங்கே எடுத்தது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை டீச்சரம்மா வந்தார். பாட்டிலை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார். முகம் மாறியது.

“அக்கா, இது கால்வாய் வாய்ல எடுத்ததா?”

“ஆமா டீச்சர்.”

“தெறந்து உட்ட அன்னிக்கா?”

“அன்னிக்குத்தான். நானே போய் எடுத்தேன்.”

ஏன் அப்படிச் சொன்னேன்? சொன்னதைச் செய்யாமல் வந்தேன் என்று ஒப்புக்கொள்ள அந்த நிமிடத்தில் வாய் வரவில்லை. அவர் ஒரு சீட்டில் ஊர், ஏரி, இடம் எல்லாம் எழுதி எனக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினார். இடம், கால்வாய் வாய். எடுத்தவர் என்று என் பெயர். சரியா அக்கா என்று கேட்டார். சரி என்று அதன்கீழே கையெழுத்துப் போட்டேன். எங்கள் தெருவில் கைநாட்டு வைக்காத பெண் நான் ஒருத்திதான். அந்தப் பெருமையோடு, எழுத்து நன்றாக விழ வேண்டும் என்று மெதுவாகவே போட்டேன். அதுதான் இன்றைக்கும் என் நெஞ்சை அறுக்கிறது.

மூன்று மாதம் கழித்துச் சோதனைச் சீட்டு வந்தது. குறை சொல்லும்படி எதுவும் இல்லையாம். டேனரி மேஸ்திரி அதன் நகல் ஒன்றை எப்படியோ வாங்கிவந்து டீக்கடையில் உரக்கப் படித்தார். கால்வாய் வாயில் எடுத்த தண்ணீர், எடுத்தவர் இன்னார் என்று. என் பெயரை ஊர் நடுவில் அப்படிப் படித்தது என் ஆயுளில் அந்த ஒரு தடவைதான். மனு மூடப்பட்டது. வருடம் திரும்புவதற்குள் கால்வாயை அகலமாக்கினார்கள். எங்கள் வீட்டுக்காரரைச் சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து எடுத்து கேட்டில் காவலுக்கு உட்காரவைத்தார்கள். உத்தரவு வந்த அன்று மல்லிகைப்பூ வாங்கி வந்தார். “உன் பொண்டாட்டி நல்லபடியா நடந்துக்கிச்சுன்னு மேஸ்திரி சொன்னாரு. நீ அப்படி இன்னாதான் பண்ண?” என்று சிரித்தார். பூவை வைத்துக்கொண்டேன். இரண்டு மாதத்தில் அவர் கை வெடிப்பு மூடியது. பதினைந்து வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாகக் குழம்பு ஊற்றிக் கையால் பிசைந்து சாப்பிட்டார். கண்ணில் தண்ணீர் வர, இன்னும் கொஞ்சம் ஊத்து என்றார். ஊற்றினேன். எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை.

டீச்சரம்மா அதன்பிறகு ஒரே ஒரு தடவை வந்தார். தை மாதம்தான். கரைமேல் குடையைச் சாய்த்துவைத்துவிட்டு எண்ணினார். எண்ண அதிகம் இல்லை, சீக்கிரம் முடிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து முறுக்குத் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். “நான்தான் தப்பா எண்ணிட்டேன் போல அக்கா. தண்ணி நல்லாத்தான் இருக்குதாம். பறவ கொறஞ்சதுக்கு வேற இன்னாவாவது காரணம் இருக்கும்” என்றார். ஒரு எண்ணிக்கை தப்பக் கூடாதென்று மூன்று தடவை எண்ணுகிறவர், எட்டு வருடக் கணக்கைத் தானே சந்தேகப்பட்டார். நடந்த உண்மை என் நாக்கு நுனியில் இருந்தது. ஒரே ஒரு வரி. அடுப்பில் குழம்பு கொதிக்கிற வாசனை வந்தது. “தண்ணி குடிங்க டீச்சர்” என்றுதான் என் வாய் சொன்னது.

டம்ளரை வாங்கி எப்போதும்போல வெளிச்சத்துக்குத் தூக்கினார். தூக்கினவர் இறக்கவில்லை. அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நான் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். அவர் கோபப்படவில்லை. ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

“அந்த இன்னொரு பாட்டில் இருக்குதா அக்கா?”

“இருக்குது டீச்சர்.”

“இருக்கட்டும். ஒங்களுக்கு எப்போ தோணுதோ, அப்போ எடுத்து வெய்ங்க. நான் வர்றேன்.”

அடுத்த வாரமே திறந்துவிட்டார்கள். அன்று நான் யோசிக்கவில்லை. நேரே கால்வாய் வாய்க்குப் போய், நுரையைக் கையால் விலக்கி, பாட்டிலை முழங்கை வரைக்கும் முக்கினேன். துணி இல்லை, கொட்டை இல்லை. கறுநீலமாக, மயிரோடு, நாற்றத்தோடு எடுத்துவந்து மெழுகு ஊற்றி அடைத்து மேல்தட்டில் வைத்தேன். என் கேவலம் மொத்தமும் உள்ளே இருக்கட்டும் என்று. டீச்சரம்மா வரவில்லை. அடுத்த தையும் வரவில்லை. வேலூருக்குப் போன ஒருவரிடம் விசாரித்தேன். காலேஜை விட்டுப் போய்விட்டார், எங்கே என்று தெரியாது என்றார்கள். சில தை மாதங்கள் நான் கரைமேல் போய் நின்றிருக்கிறேன். அப்புறம் எண்ணுவதற்குப் பறவையும் இல்லை, அறுப்பதற்குக் கோரையும் இல்லை. எட்டுப் பேரில் நாலு பேர் டேனரியிலேயே வேலைக்குப் போனார்கள்.

நாற்பது வருடமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். நான் சுத்தத்துக்காகத்தான் வடிகட்டினேனா? வெளியாளுக்குக் கலங்கலைக் கொடுக்கக் கூடாது என்று கை பழகிய பழக்கமா? அல்லது ஒன்பது வாய் என்று வீட்டுக்காரர் சொன்னது காதில் இருந்ததா? அவர் கையின் வெள்ளை வெடிப்பு கண்ணில் நின்றதா? சத்தியமாகத் தெரியவில்லை. சில நாள் இது, சில நாள் அது. எந்த லஞ்சமும் நான் வாங்கவில்லை. ஆனால் அவர் பிசைந்து சாப்பிட்ட அந்தக் குழம்புச் சோறு எனக்குத் தொண்டையில் நிற்கிறது. அவர் போய்ச் சேரும்வரை இதை அவரிடமும் சொல்லவில்லை. ஒரு பாட்டில் சரியாகப் போயிருந்தால் ஏரி பிழைத்திருக்கும் என்றும் சொல்லமாட்டேன். டேனரி பெரிது, அதை நிறுத்துகிற அளவுக்குப் பெரிய ஆள் நான் இல்லை. ஆனால் அந்த ஏரிக்குப் பரிந்து பேசக் கிடைத்த ஒரே சாட்சி நான். சாட்சிக் கூண்டில் நின்று நான் என் வீட்டுச் சுத்தத்தைப் பேசிவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது ஏரியில் சீமைக்கருவேலம் நிற்கிறது. நடுவே தோல் கழிவு மூட்டைகள். கிணற்றுத் தண்ணீரில் சோறு வேகவைத்தால் மஞ்சளாகிறது. வீட்டில் குடிப்பது கேன் தண்ணீர். யாரும் அதை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்ப்பதில்லை. நம் மாநிலத்து ஏரிகளும் சதுப்பும் பல, டீச்சரம்மா சொன்ன அந்த ஒப்பந்தத்தின் பட்டியலில் ஏறியிருக்கின்றன என்று பேத்தி போனில் படித்துக் காட்டினாள். ஒவ்வொரு பெயராகப் படி என்றேன். அவள் படித்து முடிக்கும்வரை, எங்கள் ஏரி அதில் இருக்காது என்று தெரிந்தும், கையைக் கூப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்கோ ஒரு மூலையில் டீச்சரம்மா இருந்தால் அவரும் அந்தப் பட்டியலைப் படித்திருப்பார்.

இந்தப் பாட்டில் நாளை வேலூருக்குப் போகிறது. சோதித்து ஆகப்போவது ஒன்றுமில்லை என்று தெரியும். சோதிக்கிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும்: இதற்கு முன்னால் இதே ஏரியிலிருந்து போன பாட்டில் கால்வாய் வாயில் எடுத்ததல்ல. அது குடிதண்ணீர்த் துறையில் மொண்டு, கொட்டை உரசித் தெளியவைத்து, துணியில் வடிகட்டினது. எடுத்தவள் நான். கையெழுத்துப் போட்டவளும் நான். டீச்சரம்மா எண்ணினது ஒன்றுகூடத் தப்பில்லை. இப்போது போவதுதான் கால்வாய் வாயில் எடுத்தது.

எழுதிட்டியா? பேனாவ இங்க வெய். மேல்தட்டுலேர்ந்து அந்தப் பாட்டில எறக்கு. பாத்து, ரெண்டு கையாலயும் புடி. நாப்பது வருஷமா அதுபாட்டுக்குத் தெளிஞ்சி உக்காந்திருக்குது. நல்லா ஒரு தரம் குலுக்கி என் முன்னாடி வெய். ம், இப்ப சரி, இப்படித்தான் இருந்துச்சு. இப்ப மொதல்லேர்ந்து படி. ஆயா பேரு கெட்டுடப் போவுதுன்னு எங்கயாவது வடிகட்டியிருந்தா எனக்குத் தெரிஞ்சிடும். சரியா இருந்தாத்தான் கையெழுத்து. படிம்மா.